போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மூன்று நாள்: எதை எந்த நேரத்தில் பார்ப்பது?

கேள்வி இது: வேலை விஷயமாகக் கரீபியன் தீவான டிரினிடாட் போகிறவருக்குத் தலைநகரில் மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது. மரக்காஸ் கடற்கரை, விலங்குக்காட்சி சாலை என்று எல்லோரும் சொல்வதை விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் போகிற வருகிற இடங்களைப் பார்க்க வேண்டும். கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஊர் சின்னது. ஆனால் இங்கே எதற்கும் ஒரு நேரம் உண்டு. டபுள்ஸ் என்ற காலைப் பண்டத்தைப் பகலில் பத்து மணிக்கு மேல் தேடினால் காலிப் பெட்டிதான் மிஞ்சும். மாலை ஆறு மணிக்கு மேல் நகர மையத்தில் பார்க்க எதுவும் இருக்காது. எண்ணெய் டிரம்மில் செய்யும் ஸ்டீல்பேன் வாத்தியத்தின் ஒத்திகையோ இரவு எட்டு மணிக்கு முன்னால் சூடு பிடிக்காது. இடங்களைப் பட்டியல் போட்டு அருகருகே இருப்பவற்றை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். எனவே நேரத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வண்டி. பொதுப் போக்குவரத்தின் முதுகெலும்பு 'மேக்ஸி' என்று எல்லோரும் சொல்லும் வெள்ளை வேன். அதன் பக்கவாட்டில் ஓடும் வண்ணப் பட்டையைப் பார்த்து ஏற வேண்டும். சிவப்புப் பட்டை கிழக்கே அரிமா பக்கம், பச்சை தெற்கே சகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம், மஞ்சள் நகரத்துக்குள்ளும் மேற்கே டியேகோ மார்ட்டின், சாகுவராமஸ் பக்கமும். சிவப்புக்கும் பச்சைக்கும் புறப்படும் இடம் சௌத் கீ தெருவில் உள்ள சிட்டி கேட். அது பழைய ரயில் நிலையம். 1968-இல் ரயில் நின்றுபோன பிறகு கிழக்கே போன தண்டவாளப் பாதையையே பேருந்துக்கும் மேக்ஸிக்கும் மட்டுமான சாலையாக மாற்றிவிட்டார்கள். அதனால் நெரிசல் நேரத்தில் தனி டாக்ஸியை விட சிவப்புப் பட்டை மேக்ஸி முன்னால் போய்ச் சேரும்.

மேக்ஸி தவிர, பார்ப்பதற்குச் சாதாரண காராக இருந்தாலும் குறிப்பிட்ட தடத்தில் ஆள் ஏற்றி இறக்கும் ரூட் டாக்ஸிகள் உண்டு. நம்பர் பலகை எச் எழுத்தில் தொடங்கினால் அது உரிமம் உள்ள வாடகை வண்டி. பி என்று தொடங்கும் சொந்தக் கார்களும் ஆள் ஏற்றும், ஊர்க்காரர்களும் ஏறுவார்கள். நீங்கள் ஏற வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது, விபத்து நேர்ந்தால் பயணிக்குக் காப்பீடும் கிடையாது. ஒவ்வொரு தடத்துக்கும் நகர மையத்தில் தனித்தனித் தெருமுனை நிறுத்தம். பலகை எதுவும் இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறும்போது "குட் மார்னிங்" சொல்லாமல் உட்கார்ந்தால் வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இருட்டிய பிறகு எதிர்ப்படுபவர் "குட் நைட்" என்றால் விடைபெறுகிறார் என்று நினைக்காதீர்கள், அதுதான் இரவு வணக்கம். கடைக்குள் நுழையும்போதும் இதே மரியாதைதான். சொல்லிவிட்டு வழி கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து காட்டுவார்கள்.

இனி காலை. ஆறரை ஏழு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். டபுள்ஸ் தீவு முழுவதற்குமான காலைச் சாப்பாடு. மஞ்சள் தூளும் சீரகமும் சேர்த்துப் புளிக்கவைத்த மைதா மாவை உள்ளங்கை அளவுக்குத் தட்டி எண்ணெயில் போட்டு எடுக்கும் 'பாரா' இரண்டு. அவற்றை விற்பவர் துணி விரித்த பெட்டிக்குள் அடுக்கி மூடி வைத்திருப்பார். அந்த ஆவியில்தான் பாரா மெத்தென்று ஆகிறது, மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். கையில் ஒரு காகிதம், அதன்மேல் பாரா இரண்டையும் பாதி பாதி மேலேறும்படி வைத்து, ஒரு கரண்டி கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே வெள்ளரித் துருவல், புளிச்சாறு, 'குச்சேலா' எனப்படும் மாங்காய்த் துருவல் ஊறுகாய், 'ஷேடோ பெனி' சட்னி. ஷேடோ பெனி என்பது ரம்பப் பல் விளிம்புள்ள நீள இலை, கொத்தமல்லி வாசனையைப் பல மடங்கு ஏற்றிய மாதிரி இருக்கும். பிறகு காகிதத்தின் இரு முனையையும் முறுக்கி நீட்டுவார். எல்லாம் சேர்த்து ஐந்தாறு விநாடி வேலை.

உங்களிடம் வரும் ஒரே கேள்வி காரம் பற்றியது. "ஸ்லைட்" என்றால் ஒரு தொட்டு, "மீடியம்" என்றால் ஒரு கோடு. ஆந்திரக் காரம் சாப்பிட்டுப் பழகியவன் என்ற தைரியத்தில் அதற்கு மேல் போகாதீர்கள். இங்கே அரைப்பது ஸ்காட்ச் பானெட் வகை மிளகாய், உலகின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்றான மொருகா ஸ்கார்ப்பியன் பிறந்ததும் இந்தத் தீவில்தான். முதல் ஒன்றுக்கு ஸ்லைட் சொல்லுங்கள், இரண்டாவதற்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. நின்றுகொண்டே, பாராவைக் கிள்ளிக் கடலையை அள்ளிச் சாப்பிட வேண்டும். முழுதாகத் தூக்கிக் கடித்தால் சட்டை போச்சு. எத்தனை தின்றீர்கள் என்பதை விற்பவர் நினைவில் வைத்திருப்பார், முடிந்த பிறகுதான் காசு. ஒன்று பெரும்பாலும் 5 முதல் 8 உள்ளூர் டாலருக்குள் இருக்கும். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 6.8 உள்ளூர் டாலர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி சேராத பண்டம் என்பதால் சைவர்களுக்கும் கவலையில்லை. மேலே இறைச்சி போட்டுத் தரும் புதுக்கடைகள் இருப்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்தக் கடை என்றால், அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நிற்கிற கடை. நகரின் உட்புரூக், செயின்ட் ஜேம்ஸ் பகுதிகளில் தெருவுக்குத் தெரு உண்டு.

சாப்பிட்ட கையோடு சவானாவுக்குப் போங்கள். குயின்ஸ் பார்க் சவானா சுமார் 260 ஏக்கர் புல்வெளி, சுற்றிவர மூன்றரைக் கிலோமீட்டர். இதன் மேற்கே மரவால் சாலையில் 'மேக்னிஃபிசென்ட் செவன்' என்ற ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. இவை எல்லா வழிகாட்டியிலும் இருப்பவைதான். ஆனால் எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதைப் பலர் சொல்வதில்லை. வீடுகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வெயில் முகப்பில் விழும். மாலையில் சூரியன் பின்னால் போய்விடுவதால் படம் கறுத்துப்போகும். தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் மணிக்கூண்டு உள்ள குயின்ஸ் ராயல் கல்லூரி, ஹேய்ஸ் கோர்ட், மில் ஃப்ளர், ரூமோர், பேராயர் இல்லம், வைட்ஹால், கடைசியில் ஸ்காட்லாந்துக் கோட்டை பாணியில் கட்டிய கில்லார்னி. அனேகமாக எல்லாமே 1904-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. கொக்கோ விலை உச்சத்தில் இருந்த காலம் அது, அந்தப் பணம்தான் இங்கே இரும்புப் பூவேலையாகவும் பவளச் சுண்ணாம்புக்கல்லாகவும் நிற்கிறது. மில் ஃப்ளரில் இப்போது தேசிய மரபுரிமை அறக்கட்டளை இருக்கிறது. அந்த வாசலை நினைவில் வையுங்கள், பின்னால் சொல்லப்போகும் நெல்சன் தீவுக்கு வழி அங்கேதான்.

சவானா மைதானத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிய ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் உண்டு. சுற்றி ஓட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. 1817-இல் அரசு இந்த நிலத்தைப் பெஷியே குடும்பத்திடம் வாங்கியபோது, குடும்பக் கல்லறை இருந்த துண்டை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கதவு பூட்டியிருக்கும், சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரலில் போனால் சவானா ஓரத்திலும் வடக்கு மலைச் சரிவிலும் பூயி மரங்கள் இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் இலையே இல்லாமல் பூத்திருக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் நகர மையம். உட்ஃபோர்டு சதுக்கமும் அதை ஒட்டிய நாடாளுமன்றக் கட்டடமான ரெட் ஹவுஸும் பார்க்க வேண்டியவை. தண்ணீர்ச் சட்டத்தை எதிர்த்து 1903 மார்ச் 23 அன்று வெடித்த கலவரத்தில் பழைய ரெட் ஹவுஸ் எரிந்தது. இப்போது நிற்பது 1907-இல் திறந்தது. 1990 ஜூலையில் ஆயுதக் குழு ஒன்று நாடாளுமன்றத்தைச் சிறைப்பிடித்ததும் இங்கேதான். பழுதுபார்ப்பு வேலையின்போது அடித்தளத்தில் பூர்வகுடிகளின் எலும்புகள் கிடைத்தன. 2020-இல் நாடாளுமன்றம் இங்கே திரும்பியது. உள்ளே போக முன்பதிவு வேண்டும். அரை டவுசர், கையில்லாத பனியன் போட்டு வந்தால் இங்கே மட்டுமல்ல, எந்த அரசு அலுவலகத்திலும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். எதிரே டிரினிட்டி தேவாலயத்தின் மர உத்தரக் கூரையை அண்ணாந்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். கடை எல்லாம் சாத்தியிருக்கும், தெருவில் ஆளிருக்காது. ஆளில்லாத தெரு இந்த ஊரில் நல்லதல்ல.

வெயில் ஏறுவதற்குள் உட்புரூக்கில் நடக்கலாம். கார்லோஸ், லூயிஸ், ஆல்ஃப்ரெடோ, ரோசலினோ, பெட்ரா என்று தெருக்களுக்கெல்லாம் ஆள் பெயர். இந்த நிலம் ஒரு காலத்தில் பானங்களில் துளித்துளியாகச் சேர்க்கும் கசப்புச் சாறான அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் தயாரித்த சீகர்ட் குடும்பத்தின் எஸ்டேட், தெருக்களுக்கு அந்தக் குடும்பத்தார் பெயரே நிலைத்துவிட்டது. 1824-இல் வெனிசுவேலாவில் ஒரு ராணுவ மருத்துவர் காய்ச்சிய கஷாயம் 1875-இல் இங்கே குடிவந்தது. இன்றும் லாவென்டில் அருகே ஆலை ஓடுகிறது. வார நாளில் முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள், உள்ளே பெரிய வண்ணத்துப்பூச்சித் தொகுப்பும் இருக்கிறது. அங்கே நடந்து போக வேண்டாம், டாக்ஸி பிடியுங்கள். உட்புரூக்கின் ஓரத்தில் 1813-இல் தொடங்கிய லாப்பெய்ரூஸ் கல்லறைத் தோட்டம். பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுக்கீசிய, சீனப் பெயர்கள் ஒரே வரிசையில் கிடக்கும். துருப்பிடித்த இரும்பு வேலிகளின் நுணுக்கத்துக்காகவே போகலாம். பகலில், துணையோடு, கைபேசியை நீட்டிக்கொண்டே நடக்காமல்.

இரவு எட்டு மணிக்கு மேல் பேன்யார்ட், அதாவது ஸ்டீல்பேன் குழுக்கள் ஒத்திகை பார்க்கும் திடல். ஒரே ஒரு அனுபவத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன்.

தோல் பறைகளுக்கு ஆங்கிலேய அரசு 1880-களில் தடை போட்டது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் மோதித் தாளம் எழுப்பினார்கள். 1930-களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டின் என்று உலோகத்துக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தளங்களும் எண்ணெய்த் தொழிலும் இருந்த தீவில் 55 காலன் டிரம்முக்குப் பஞ்சமில்லை. அதன் அடிப்பாகத்தைச் சம்மட்டியால் குழிவாக்கி, சுரத்துக்கு ஒரு மேடு எழுப்பினால் பேன். பக்கச்சுவரைக் குட்டையாக வெட்டினால் உச்ச சுரம் வாசிக்கும் டெனர், டிரம்மை முழு நீளத்தில் விட்டால் பாஸ். பாஸில் ஒரு டிரம்முக்கு மூன்று சுரம்தான் கொள்ளும், அதனால் ஒருவரே ஆறு அல்லது ஒன்பது டிரம்களுக்கு நடுவில் நின்று சுழன்று சுழன்று அடிப்பார்.

பெரிய குழு என்றால் 120 பேர் வரை. போட்டியின் பெயர் பனோரமா, 1963-இல் தொடங்கியது, எட்டு நிமிடத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும். அந்த எட்டு நிமிடத்தைப் பெரும்பாலோர் எழுதிவைத்துப் படிப்பதில்லை. இசை அமைப்பவர் ஒரு துண்டை வாசித்துக் காட்டுவார், டெனர்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், அடுத்து நடுச்சுரப் பேன்களான செகண்ட், செல்லோ, கடைசியில் பாஸ். ஒரே நான்கு வரியை முப்பது நாற்பது முறை கேட்க வேண்டியிருக்கும். சலிப்பாக இருக்குமோ என்று நினைத்தால், மேடையில் கேட்பதை விட இதுதான் சுவை. பாட்டு கண்ணெதிரே கட்டப்படுவதைப் பார்க்கலாம். நடுவில் 'எஞ்ஜின் ரூம்' என்ற தாளப் பிரிவு இருக்கும். லாரியின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டுகிறவர்கள்தான் அதன் உயிர். அவர்கள் பக்கத்தில் நின்றால் காது இரண்டு நாள் கேட்காது. முன்வரிசைக்கு எதிரே பத்தடி தள்ளி நில்லுங்கள், பஞ்சு எடுத்துப் போங்கள். பேனைத் தொடவே கூடாது. ஒரு சின்ன நசுங்கலில் சுதி போய்விடும், அதைச் சரிசெய்யத் தேர்ந்த டியூனர் வர வேண்டும்.

உட்புரூக் ஹாமில்டன் தெருவில் ஃபேஸ் டூ, சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ். இந்த இரண்டும் பெயர் பெற்ற குழுக்கள். கட்டணம் கிடையாது, உள்ளே ஒரு சிறு மதுக்கடை நடத்துவார்கள், ஒரு பானம் வாங்கினால் குழுவுக்கு உதவி. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து, பிப்ரவரி மார்ச் வாக்கில் வரும் கார்னிவல் திருவிழா வரை தினமும் ஒத்திகை. மற்ற மாதங்களில் முன்கூட்டி விசாரிக்காமல் போனால் பூட்டிய வாசலைத்தான் பார்ப்பீர்கள். இறுதிப் போட்டி கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு சவானாவில். டிக்கெட் கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். மேடைக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு குழுவும் சக்கரம் வைத்த சட்டங்களை ஆதரவாளர்கள் தள்ளிக்கொண்டு வர, நின்று நின்று கடைசி ஒத்திகை பார்க்கும். விஷயம் தெரிந்த பலர் அங்கேதான் நிற்பார்கள்.

கார்னிவல் சமயமாக இருந்தால் இன்னொன்று. கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடியலில், சூரியன் வருமுன், கிழக்கு நகரத்தின் பிக்கடில்லி பகுதியில் 1881 கான்போலே கலவரத்தை நடித்துக் காட்டுவார்கள். தீப்பந்த ஊர்வலத்தைத் தடுக்க வந்த காவலர்களோடு மக்கள் மோதிய நிகழ்வு அது. நாலு மணிக்கே போய்விட வேண்டும், போக வர டாக்ஸி பேசிவையுங்கள்.

செயின்ட் ஜேம்ஸ் தனியாகச் சொல்ல வேண்டிய பகுதி. வெஸ்டர்ன் மெயின் ரோட்டின் இருபுறமும் இரவு இரண்டு மணிக்கும் ரொட்டி, மக்காச்சோள சூப், டபுள்ஸ் விற்கும். பக்கத் தெருக்களின் பெயரைப் படித்துக்கொண்டே போனால் கல்கத்தா, டில்லி, பம்பாய், லக்னோ, பாட்னா, மெட்ராஸ் என்று வரும். 1845 மே 30 அன்று ஃபட்டல் ரசாக் என்ற கப்பல் 225 பேரை இங்கே இறக்கியது. 1917 வரை ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் சிறுபான்மை. அவர்கள் விட்டுச்சென்ற தடம் காளி கோயில்களில் இன்னும் கேட்கும் தப்புச் சத்தத்திலும், மூதசாமி வீராசாமி என்று முடியும் குடும்பப் பெயர்களிலும் இருக்கிறது. ஆனால் தமிழ் பேசுகிறவரைத் தேடி அலையாதீர்கள், மொழி போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன.

இந்தத் தெருவின் பெரிய நிகழ்வு ஹோசே, அதாவது முஹர்ரம். சந்திர நாட்காட்டி என்பதால் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னே நகரும், 2026-இல் ஜூன் கடைசியில் வரும். முதலில் கொடி இரவு, அடுத்து சிறு தாஜாக்கள், அதற்கடுத்த இரவு பெரிய தாஜாக்கள். தாஜா என்பது மூங்கில், காகிதம், மினுக்குத் தாள் கொண்டு கட்டும் கல்லறை வடிவம், ஆளுயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. கூடவே சிவப்பும் பச்சையுமாக இரண்டு பிறைகள். ஒரே ஆள் இடுப்புக் கட்டில் தாங்கித் தூக்கிச் சுழன்று ஆடுவார், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார். தாஸா மேளக்காரர்கள் ஓரத்தில் நெருப்பு மூட்டி ஆட்டுத்தோலைக் காய்ச்சி முறுக்கேற்றிக்கொண்டே வருவார்கள். தோல் தளர்ந்த மேளத்தைத் தீக்குக் கொடுத்துவிட்டுக் காய்ந்ததை வாங்கி அடிப்பது தாளம் அறுபடாமல் நடக்கும். அதை நெருங்கி நின்று பாருங்கள். ஊர்வலம் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் தெருவுக்கு வரும். முடிவில் தாஜாக்கள் கடலில் போடப்படும். பிறை தூக்குபவர்களும் கட்டுபவர்களும் விரதம் இருப்பவர்கள், அந்தத் தெருவில் மதுக்கடைகள் திறந்திருக்கின்றன என்பதற்காகக் கையில் பாட்டிலோடு தாஜா அருகே போவது மரியாதையில்லை.

நெல்சன் தீவு இதோடு சேர்ந்தது. 1866 முதல் 1917 வரை வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களை மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைத்த தீவு. பிறகு தொழிற்சங்கத் தலைவர் யூரியா பட்லரை இரண்டாம் உலகப் போரின்போது இங்கேதான் அடைத்தார்கள், 1970-இல் கருப்பின எழுச்சி இயக்கத்தவரையும். பழைய கட்டடங்களும் படித்துறையும் உண்டு, நிழல் குறைவு. தேசிய மரபுரிமை அறக்கட்டளை குறிப்பிட்ட நாட்களில் மட்டும் படகு விடுகிறது. ஊருக்கு வந்த பிறகு கேட்டால் இடம் கிடைக்காது, கிளம்புமுன்பே எழுதிக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் மாலையை கரோனி சதுப்புநிலத்துக்கு வையுங்கள். தெற்கே நெடுஞ்சாலையில் அரை மணி. படகு நாலு மணி வாக்கில் புறப்படும், இரண்டரை மணி நேரம். சூரியன் இறங்கும்போது ஸ்கார்லெட் ஐபிஸ் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரு அலையாத்தித் திட்டில் அடைந்து மரத்தைச் சிவப்பாக்கிவிடும். நண்டு, இறால் வகையிலிருந்து உடலில் சேரும் நிறம் அது. குஞ்சுப் பருவத்தில் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். படகு தூரத்திலேயே நிற்கும் என்பதால் தொலைநோக்கி இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளிகள்தான் தெரியும். கொசு மருந்து கட்டாயம். மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். இருட்டிய நெடுஞ்சாலையில் மேக்ஸிக்காக நிற்கக் கூடாது, போன டாக்ஸியையே காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஜார்ஜ் கோட்டைக்கு நேரம் இருந்தால் காலையில் டாக்ஸியில் போய்வாருங்கள். செயின்ட் ஜேம்ஸுக்கு மேலே சுமார் 335 மீட்டர் உயரத்தில் 1804-இல் கட்டியது, ஒரு குண்டும் சுடாத கோட்டை. அதன் சைகை நிலையத்தை 1883-இல் வடிவமைத்தவர் நாடு கடத்தப்பட்டு வந்த மேற்கு ஆப்பிரிக்க அசாந்தி நாட்டு இளவரசர் கோஃபி ந்தி. ஞாயிறு என்றால் சாகுவராமஸ் பக்கம் மூங்கில்கள் கூரையாக வளைந்த பாதையும் மக்கரீப் குளியல் துறையும் நல்ல தேர்வு. மஞ்சள் மேக்ஸி மெயின் ரோடு வரைதான் போகும், உள்ளே போகத் தனி வண்டி வேண்டும்.

சூட்கேஸ் கட்டும்போது ராணுவப் பச்சைப் புள்ளி டிசைன் துணி எதுவும் வைக்காதீர்கள். தொப்பி, பை, குழந்தைச் சட்டை எதுவானாலும் சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். மின்சாரம் 115 வோல்ட், தட்டைக் கால் பிளக். லாவென்டில், பீதம், சீ லாட்ஸ் பகுதிகளுக்குள் தெரிந்த ஆள் இல்லாமல் போக வேண்டாம். இரவில் சவானாவின் தெற்கு ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகள் வரை சரி, இருட்டான மறுபக்கம் வேண்டாம். மிச்சமாகும் உள்ளூர் டாலரை வெளிநாட்டில் மாற்றுவது கடினம், இங்கே அமெரிக்க டாலர் வாங்குவதும் கடினம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

திரும்பும் விமானம் காலை என்றால் பியார்கோ விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம் போதும், அந்நேர நெரிசல் ஊருக்குள் வரும் திசையில்தான். மாலை விமானம் என்றால் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் அதே 25 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், வெள்ளிக்கிழமை மழையும் சேர்ந்தால் அதற்கும் மேலே.